பழைய சாரணர் குழு: மே மாச முகாம்

முருகேசன் (மாலை 6:40): எல்லாருக்கும் வணக்கம். மே மாசம் ரெண்டு ராத்திரி கூடுறது உறுதி. குற்றாலத்துல ரிசார்ட் பாக்கவா? இல்ல, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மாந்தோப்பு தர்றாங்க, அங்க டெண்ட் போடுவோமா?

செல்வி: தோப்புதான் அண்ணே. ரிசார்ட்ல சாப்ட்டுட்டு தூங்கி எந்திரிச்சு வரதுக்கு நாம சேர வேண்டாம். அடுப்பு வெட்டி, மூங்கில்ல ஷூ ஸ்டாண்ட் மாதிரி கேட்ஜெட் கட்டி, கேம்ப் ஃபயர் போட்டாத்தான் நம்ம முகாம்.

ஜோசப்: பிள்ளைகளோட சேத்து 24 பேர் வருது. அணிக்கு 6 பேர், 4 அணி. வீட்டு வீடா உக்காராம கலந்து போடணும் சார்.

ஸ்கவுட் சார்: நிச்சயமா கலக்கணும்ப்பா. 1907 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல, சாரணர் இயக்கத்தை ஆரம்பிச்ச பேடன் பவல் போட்ட முதல் முகாமே அப்படித்தான். வசதியான வீட்டுப் பையனையும் உழைப்பாளி வீட்டுப் பையனையும் ஒண்ணா சேத்து ஓநாய், காளை, காக்கை, கர்லூன்னு 4 அணி. கர்லூன்னா நீள மூக்கு வளைஞ்ச நீர்ப்பறவை. அணி இல்லாம முகாம் இல்ல. சமையலும் அணி அணியாத்தான்.

ரஃபி: கேன்வாஸ் டெண்ட் வாடகைக்குச் சொல்லிட்டேன். மே மாசம் சாயங்காலம் இடி மழை வரும், அதனால சில விஷயம். தோப்பு ஓரத்துல தென்னை நிக்குது, அதுக்கு அடியில டெண்ட் கூடாது. டெண்ட் கயிறு கட்டுற முளைக்குச்சியோட தலை டெண்டை விட்டு வெளிப்பக்கம் சாஞ்சு இருக்கணும், நேரா அடிச்சா கயிறு இழுக்க இழுக்க மேல வந்துரும். சுத்தி அரை அடி ஆழத்துக்கு வாய்க்கால், பள்ளமான பக்கம் தண்ணி வெளியேற வழி.

ரஃபி: நூல் கயிறு நனைஞ்சா சுருங்கி முளையைப் பிடுங்கிரும். படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கயிறையும் கொஞ்சம் தளத்தி விடுங்க. மழை பெய்யும்போது உள்ள இருந்து துணியைத் தொடவே கூடாது, தொட்ட இடத்துல ஒழுக ஆரம்பிச்சிரும். பையைச் சாச்சு வச்சாலும் அதே கதிதான். பிள்ளைங்க கிட்ட முதல்லயே சொல்லிருங்க.

பிரவீன்: அண்ணே, என் பையன் மொட்டைமாடில மூங்கில் வச்சு ஷூ ஸ்டாண்ட் கட்டிப் பாத்தான். ஆடுது. 📷 ஃபோட்டோ பாருங்க.

ஸ்கவுட் சார்: பாத்தேன். சுத்து நல்லாதான் சுத்தியிருக்கான், ஆனா அதை நடுவுல இறுக்குற ஃப்ராப்பிங் போடல. அவனைக் கூட உக்கார வச்சு இதைப் படிச்சுக் காட்டு.
நிக்கிற மூங்கில்ல, குறுக்குக் கம்புக்குக் கீழ குளோவ் ஹிட்ச் போடணும், அதான் கம்புல கயித்தை ரெண்டு சுத்து சுத்திப் பூட்டுற முடிச்சு. மிச்ச நுனியைக் கயித்தோட முறுக்கி விடணும். அப்புறம் குறுக்குக் கம்புக்கு முன்னால, நிக்கிற மூங்கிலுக்குப் பின்னாலன்னு மாறி மாறி 3 சுத்து. கயிறு ஒண்ணுமேல ஒண்ணு ஏறக்கூடாது, பக்கத்துப் பக்கத்துல படியணும். இப்பதான் முக்கியம்: ரெண்டு மூங்கிலுக்கும் நடுவுல புகுந்து, போட்ட சுத்தையே இறுக்கிப் பிடிக்கிற மாதிரி 2 சுத்து. அதுதான் ஃப்ராப்பிங். கால மூங்கில்ல மிதிச்சுக்கிட்டு, ஒவ்வொரு சுத்துக்கும் உடம்போட எடையைக் குடுத்து இழுக்கணும். கடைசியில குறுக்குக் கம்புல குளோவ் ஹிட்ச்.

பிரவீன்: நைலான் கயிறு சார் அது.

ஸ்கவுட் சார்: அதான் வழுக்குது. சணல் இல்லேன்னா தேங்காநார்க் கயிறு. மூங்கில் பச்சையா இருந்தாலும் காயக் காய மெலிஞ்சு கட்டு தளரும். காஞ்ச மூங்கில் வாங்குங்க.

செல்வி: சமையல் நான் சொல்றேன். முதல் நாள் மத்தியானம் சாம்பார் சாதம். ஒரு அணிக்கு, அதாவது 6 பேருக்கு, அரிசி 750 கிராம், துவரம்பருப்பு 250 கிராம், காய் முக்கால் கிலோ, எலுமிச்சை அளவு புளி. 10 லிட்டர் பாத்திரம் போதும்.

செல்வி: பருப்பை அரைமணி நேரம் ஊறப்போட்டு, மஞ்சப்பொடி சேத்து முதல்ல அதை மட்டும் வேக வைங்க. பாதி வேகுறதுக்குள்ள புளியை ஊத்தினா பிறகு எவ்வளவு விறகு வச்சாலும் பருப்பு கரையாது. முகாம்ல சாம்பார் சாதம் கெடுறது முக்காவாசி இதனாலதான்.

முருகேசன்: அடுப்பு குழி அடுப்புதானே?

செல்வி: ஆமா. 3 அடி நீளம், 1 அடி ஆழம். காத்து வர்ற பக்கம் வாய் 1 அடி அகலம், பின்னால போகப் போக அரை அடியா ஒடுங்கணும். வாயைத் தப்பான பக்கம் வச்சா புகை முழுசும் சமைக்கிறவங்க கண்ணுலதான். காத்து மாறினா வாய்ல ஒரு கல்லை நிறுத்துங்க. அடுப்புல ஏத்துறதுக்கு முன்னாடி பாத்திரத்துக்கு வெளிய களிமண்ணைக் குழைச்சு மெல்லிசாப் பூசிருங்க. கரி பூரா மண்ணோட உரிஞ்சு வந்துரும்.

மேரி அக்கா: கேம்ப் ஃபயருக்கு சவுக்கு விறகு வாங்குங்க, நின்னு எரியும். தென்னை ஓலை பத்த வைக்க மட்டும். ஆரம்பத்துல சத்தமான பாட்டு, யெல்லுன்னு சேந்து போடுற கோஷம், தாளத்தோட தட்டுற கிளாப். நடுவுல அணிக்கு ஒரு நாடகம். தீ இறங்க இறங்க பாட்டும் மெதுவாகணும். கடைசிப் பாட்டுக்குப் பிறகு விறகு போடாதீங்க.

ஜோசப்: மழை கிளாப் வேணும்க்கா ❤️ நம்ம செட் அத்தனை பேருக்கும் அதுதான் உயிர்.

மேரி அக்கா: கண்டிப்பா. இடது உள்ளங்கையில முதல்ல ஒரு விரலால தட்டணும், அப்புறம் 2, 3, 4, பிறகு முழுக் கை. அப்படியே இறங்கி ஒரு விரலுக்கு வரணும். எல்லாரும் ஒரே நேரத்துல மாத்தினாத்தான் மழை சத்தம் வரும். ஒருத்தர் கையைப் பாத்துத்தான் மத்தவங்க மாத்தணும். இந்தத் தடவை அப்படி முன்னால நின்னு கை காட்டுறதை சின்னப் பிள்ளை யாராவது செய்யட்டும்.

ரஃபி: தீயை அணைக்கிற பொறுப்பு பெரியவங்களுக்கு. தண்ணி ஊத்தி, கிளறி, திரும்ப ஊத்தி, புறங்கையைக் கிட்ட கொண்டு போய்ப் பாருங்க. சூடு தெரிஞ்சா இன்னொரு வாளி. மாந்தோப்பு சருகு, அசட்டையா விடக்கூடாது.

முருகேசன்: அப்ப தோப்பு உறுதி. மூங்கில் என் பொறுப்பு. சணல் கயிறு 10 அடித் துண்டா 40 வேணும், ஜோசப் வாங்கிரு. நுனி பிரியாம நூலைச் சுத்திக் கட்டுற விப்பிங் போட ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வாங்க. நூலும் கத்திரியும் இருக்கு.

பிரவீன்: பையனையும் கூட்டிட்டு வரேன் அண்ணே. சணல் கிடைச்சா அந்த ஸ்டாண்டை அங்கயே பிரிச்சுக் கட்டிரலாம்.