மறு: காப்பு அமைப்புகள் பக்கம் – ‘நகல் நீக்கம்’ வேண்டாமே

வணக்கம். காப்பு மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பில் ‘டீடூப்ளிகேஷன்’ (deduplication) என்பதற்கான சொல் பற்றி எழுதுகிறேன். ஒரே உள்ளடக்கத்தை இரண்டாம் தடவை சேமிக்காமல் விடும் வசதி அது.

> ‘நகல் நீக்கம்’ ஏற்கெனவே புழங்கும் சொல்தானே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். மொழிபெயர்ப்பைச் சோதித்துப் பார்க்க வீட்டுக் கணினியில் போட்டு வைத்திருந்தேன். அக்கா ஒருநாள் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தவர், ‘நகல் நீக்கத்தை இயக்கு’ என்பதற்கு எதிரே டிக் இருப்பதைப் பார்த்திருக்கிறார். “எடுத்து வச்ச நகலை எதுக்குடா நீக்கணும்?” என்று டிக்கை எடுத்துவிட்டார். மூன்றாவது வாரம் வட்டு நிரம்பி, காப்பு நின்றுபோனது. அவர் மேல் தப்பே இல்லை. பக்கம் முழுக்க பேக்கப்பைக் ‘காப்பு நகல்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘நகல் நீக்கம்’ என்றால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும்.

உண்மையில் அங்கே எதுவுமே நீக்கப்படுவதில்லை. காப்பு மென்பொருள் இருக்கும் கணினியையே காப்பெடுக்கும்போது வலையமைப்பு ஒரு பொருட்டில்லை. வட்டைப் படிப்பதும் செயலியின் வேலையும்தான் நேரத்தைத் தின்னும். தன்னோடு தானே பேச, கணினிகளுக்கு இடையிலான இணைப்பைக் காக்கும் எஸ்எஸ்எச் மறையாக்கம் எதற்கு? பேக்கப்பிசி என்ற காப்பு மென்பொருளில் உள்கணினிக்கு, கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையை நேரடியாக ஓட்டச் சொல்வது அதனால்தான். கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க்கூட இரண்டு முனையும் ஒரே கணினியில் என்றால் வித்தியாசம் கணக்கிடாமல் முழுக் கோப்பையே எழுதிவிடும், நாம் வேறு மாதிரி சொன்னாலொழிய.

அப்புறம் மிச்சம் பிடிக்க இரண்டு இடங்கள்தான். ஒன்று, படிக்காமலே தாண்டுவது. போர்க் என்ற காப்பு மென்பொருள், ஒரு கோப்பின் அளவு, ஐநோடு எண் (கோப்பு முறைமை அதற்குத் தரும் அடையாள எண்), மாற்ற நேரம் மூன்றும் போன தடவை மாதிரியே இருந்தால் அதைத் திறப்பதே இல்லை. இதற்கு ‘மாற்றக் காப்பு’ என்று போன வாரமே முடிவு செய்துவிட்டோம். இன்னொன்று, படித்தும் எழுதாமல் விடுவது. படங்கள் இருக்கும் கோப்புறையை வேறு பெயரில் நகர்த்தினால் எல்லாக் கோப்பையும் மறுபடி படிக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளடக்கம் காப்புக் கிடங்கில் ஏற்கெனவே இருப்பது தெரிந்ததும் ஒரு குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடும். பேக்கப்பிசி இதை முழுக் கோப்பு அளவில் செய்கிறது. போர்க்கும் அதைப் போன்ற ரெஸ்டிக்கும் கோப்பைத் துண்டு போட்டுச் செய்கின்றன; 20 ஜிபி மெய்நிகர் வட்டுக் கோப்பில் நடுவில் கொஞ்சம் மாறினால், மாறிய துண்டுகள் மட்டும் போகும். நமக்குச் சொல் வேண்டியது இதற்குத்தான். இரண்டாவது நகல் பிறக்கவே இல்லை. பிறக்காததை எப்படி நீக்குவது?

வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். ‘இரட்டிப்பு நீக்கம்’ – அதே நீக்கம். ‘ஒருமுறைச் சேமிப்பு’ எனக்குப் பிடித்தது, ஆனால் ‘ஒரே ஒரு தடவைதான் காப்பெடுக்குமோ’ என்று தோன்றும். ‘இருபடித் தவிர்ப்பு’ என்றால் பள்ளிக்கூட இருபடிச் சமன்பாடு கண்முன் வருகிறது. நன்னூலின் பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ இருப்பதை ஒருவர் நினைவுபடுத்தினார். ரசித்தேன், பொத்தானில் அடங்காது.

என் பரிந்துரை: மறுபடித் தவிர்ப்பு. படி என்றால் நகல். மூலப்படி, படியெடுத்தல் எல்லாம் இருக்கின்றனவே. மறு படி என்றால் இன்னொரு நகல். யாராவது ‘மறுபடியும்’ என்று புரிந்துகொண்டாலும் குடி முழுகாது, மறுபடியும் எழுதாமல் தவிர்ப்பதுதானே வேலை.

---

> ஒற்று அவசியமா? திரையில் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

அவசியம் என்றே நினைக்கிறேன், அம்மா. ‘மறுபடி தவிர்ப்பு’ என்றால் ஏதோ ஒன்றை இரண்டாம் தடவை தவிர்த்தது போல ஆகிவிடும்.

> சரி. முடிவறிக்கையில் வரும் அளவை எப்படி எழுதுவீர்கள்? ‘மறுபடி தவிர்த்த அளவு’ என்றால், தவிர்த்தது எவ்வளவு என்பதா, தவிர்த்தது போக மிஞ்சியதா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். போர்க்கின் அறிக்கையில் அந்த எண், மிஞ்சியதைத்தான் சொல்கிறது: இந்தக் காப்புக்கு மட்டுமே உரிய துண்டுகளின் அளவு. நம் சொல்லை அங்கே திணித்தால் நேர் எதிராகப் படிப்பார்கள். அங்கே கலைச்சொல்லே வேண்டாம், ‘புதிதாக எழுதியது’ போதும். அமைப்புப் பக்கத்தில் மட்டும் ‘மறுபடித் தவிர்ப்பு’ இருக்கட்டும்.

இன்றிரவு கோப்பை மாற்றிப் பதிவேற்றுகிறேன். கூடவே விலக்குப் பட்டியலின் கீழே ஒரு வரி சேர்க்கிறேன்: ‘காப்புக் கிடங்கு இருக்கும் கோப்புறையையும் இங்கே சேர்க்கவும்.’ இல்லாவிட்டால் அது தன்னையே காப்பெடுக்கத் தொடங்கிவிடும். அக்காவிடம் காட்டிவிட்டு நாளை எழுதுகிறேன்.