பயம் போன பிறகும் சட்டம் ஏன் போவதில்லை?

எல்பில் பேரன்: மலேசியாவின் பாதுகாப்புக் குற்றச் சட்டமான சொஸ்மா இருக்கட்டும் என்று நம் சுங்கை சிப்புட் வாட்சாப் குழுவில் பாதிப் பேருக்கு மேல் கை தூக்கியிருக்கிறீர்கள். குற்றம் சாட்டாமல் 28 நாள் வரை உள்ளே வைக்கலாம், வழக்குப் போட்டால் பெரும்பாலும் ஜாமீன் இல்லை. இந்த ஊரா இதைக் கேட்பது? 1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும்தான் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்ட் பயம் பொய்யில்லை. ஆனால் அடி யார் மேல் விழுந்தது? தொழிற்சங்கங்களின் மேல். சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்ததற்காக 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுக்குச் சாப்பாடு போய்விடுமாம், அதனால் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக் கேட்டிலேயே திறந்து பார்த்தார்கள். சோறு இருந்தால் வேலைக்குப் பதில் ஸ்டேஷன்.

பழைய போலீஸ்: தம்பி, மூன்று பேர் செத்ததை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே. காட்டிலிருந்தவன் கூலிக்காரனையும் விடவில்லை. அப்புறம், அந்த அவசரகாலம் 1960லேயே முடிந்துவிட்டது.

எல்பில் பேரன்: ஜூலை 31 முடிந்தது, மறுநாளே விசாரணையில்லாமல் அடைக்கும் இசா (உள்நாட்டுப் பாதுகாப்பு) சட்டம் வந்தது ஐயா. அது போக 2012 ஆனது, போன இடத்தில்தான் சொஸ்மா. 1969 இனக்கலவரத்துக்குப் போட்ட அவசரகாலத்தை 2011 வரை யாரும் எடுக்கவில்லை. அந்த அவசரகாலச் சட்டத்தை வைத்துத்தான் அதே 2011இல் அப்போதைய நம் எம்.பி. டாக்டர் ஜெயக்குமாரையே பிடித்துப் போட்டார்கள். கம்யூனிசத்தை உயிர்ப்பிக்கிறார் என்றார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் படம் போட்ட டி-சட்டையைக் காட்டினார்கள்!

செம்பனை: கோவிட் சமயத்தில்? 2021 ஜனவரியில் அவசரகாலம், நாடாளுமன்றத்துக்குப் பூட்டு. ஜூலையில் கூடியபோது அவசரச் சட்டங்களை ரத்து செய்தாயிற்று என்றார் அமைச்சர். நான் இசைவு தரவில்லை என்றார் மாமன்னர்.

பழைய போலீஸ்: ஆனால் ஆகஸ்ட் 1 அன்று அந்த அவசரகாலம் முடிந்ததா இல்லையா? முடியாது என்று சொன்னவர்கள் இப்போது எங்கே?

செம்பனை: தேதி போட்டிருந்தது, முடிந்தது. 1969க்குத் தேதி போடவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். சொஸ்மாவிலும் 28 நாள் காவலை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. 2022இல் அதன் நீட்டிப்பு ஒரு தடவை ஓட்டெடுப்பில் தோற்றது, சில மாதத்தில் திரும்பக் கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார்கள்.

கடைக்கார அக்கா: நீங்கள் எல்லாரும் வருடம் சொல்கிறீர்கள். என் கடைக்கு மாதம் ஒருத்தன் வந்து பாதுகாப்புக் காசு கேட்கிறான். அவன் பெயர் ஊருக்கே தெரியும். சாட்சி சொல்ல ஒரு ஆள் வரமாட்டான். சாதாரணச் சட்டத்தில் பிடித்தால் இரண்டு நாளில் ஜாமீனில் வந்து என் ஷட்டர் முன்னாலேயே பைக்கை நிறுத்துவான். சொஸ்மா இல்லாமல் அவனை என்ன செய்வீர்கள்?

எல்பில் பேரன்: அக்கா, உங்கள் பயம் நியாயம்தான். அதே வலையில் கும்பலோடு சேராத பையனும் மாட்டுகிறான், வருடக்கணக்கில் வெளியே வர முடியாமல் கிடக்கிறான். சொஸ்மாவில் உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்காக சுங்கை பூலோ சிறை வாசலில் போய் உட்கார்ந்த தாய்மார் நம் பெண்கள்தானே? சாட்சிக்குத்தான் பயம் என்றால் 2009லேயே சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

கடைக்கார அக்கா: என்னைக் கொண்டுபோய் வேறு ஊரில் வைப்பார்கள், சரி. கடையை யார் திறப்பது, நீங்களா?