[கலைச்சொல்] பெனவலண்ட் டிக்டேட்டர்: வியாழனுக்குள் வேண்டும்

பாடவேளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை என் அரசியல் வகுப்பில் ஒரு விவாதம். தலைப்பு: ‘ஒரு பெனவலண்ட் டிக்டேட்டரின் கீழ் வாழ்வதை எப்போதாவது ஏற்கலாமா?’ தாள் வியாழன் மாலை அச்சுக்குப் போக வேண்டும். மக்களுக்கு நல்லது நினைத்தாலும் முழு அதிகாரத்தையும் தன் ஒருவன் கையிலேயே வைத்து ஆள்பவன் என்ற பொருளுள்ள இந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். முதலில் ‘அருளாட்சியர்’ என்று வைத்திருந்தேன். கரும்பலகையில் எழுதிப் பார்த்தபோது முதல் வரிசைப் பெண் “சாமியாரா மிஸ்?” என்று கேட்டுவிட்டாள். அழித்துவிட்டேன்.

ஒரே நிபந்தனை, சொல்லே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ‘கொடுங்கோலன்’ என்றால் ஒரு அணி வாயே திறக்க முடியாது.

ஒற்றுப்பித்தன் எழுதியது:

அம்மா, ‘சர்வாதிகாரி’ பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். சகரம் அ, ஐ, ஔ ஆகிய மூன்றோடும் சேர்ந்து மொழிமுதலில் வராது என்பது தொல்காப்பியம். ‘சர்வ’ வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். உள்ளே இருக்கும் ‘அதிகாரி’யும் வடசொல்.

கொடுங்கோல் என்பதில் ‘கொடு’ என்றால் வளைவு. வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர். கோல் வளைந்ததா நேரானதா என்பதுதான் நம் மரபு கேட்ட கேள்வி, அதைப் பிடித்திருக்கும் கை எத்தனை என்பதல்ல. ஆகவே கோலை விட்டுவிடுவோம். ‘கொடையளி செங்கோல் குடியோம்பல்’ (குறள் 390) என்பதிலிருந்து, பரிவு என்று பொருள்படும் ‘அளி’யை எடுத்துக்கொண்டு, ‘அளிவல்லாளன்’ என்று வைக்கலாம். நாலு நாளாக யோசித்தது.

கடைசிபெஞ்சு எழுதியது:

சட்டி, சண்டை, சளி எல்லாமும் வாசலில் நிற்குமா ஐயா? எனக்கு இப்போது பிடித்திருப்பதற்கு வேறு பெயர் வைத்துக் கொடுங்கள்.

அளிவல்லாளன் என்றால் அள்ளிக்கொண்டு போவதில் வல்லவன் என்றுதான் பையன்கள் படிப்பார்கள். போதாததற்கு வல்லாளன் என்று போசள அரசர்களே இருந்திருக்கிறார்கள். நாலு பேராவது விடைத்தாளில் அவர்கள் வரலாற்றை எழுதிவைப்பார்கள்.

மூலநிரல் எழுதியது:

மென்பொருள் மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் எங்களை ரொம்ப நாளாகக் கடிக்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசத்தை ‘ஆயுட்கால பெனவலண்ட் டிக்டேட்டர்’ என்று பாதி வேடிக்கையாக அழைத்தார்கள். 2018 ஜூலையில், ஒரு புதிய குறியை மொழியில் சேர்ப்பது பற்றிய சண்டையில் அலுத்துப்போய் அவரே விலகிக்கொண்டார். நாங்கள் ‘நல்லெண்ணச் சர்வாதிகாரி’ என்று எழுதுகிறோம். அங்கே அது உறுத்தவில்லை. தலைவரைப் பிடிக்காவிட்டால் மென்பொருளின் மூலநிரலை நகலெடுத்துக்கொண்டு தனிக்கடை போடலாமே. நாட்டை அப்படி நகலெடுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் எங்கள் சொல்லை யோசித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றுப்பித்தன் எழுதியது:

வேர் வரை போய்ப் பார்த்தால், இலத்தீனில் ‘டிக்டேட்டர்’ என்பது சொல்லச் சொல்ல எழுதவைப்பதோடு உறவுள்ள சொல். உரோமில் டிக்டேட்டர் என்பது ஒரு பதவி. நெருக்கடி வந்தால் அமர்த்துவார்கள், அதிகபட்சம் ஆறு மாதம். கி.மு. 44இல் சீசர் அதை ஆயுட்காலப் பதவியாக்கிக்கொண்டார், அந்த மார்ச்சிலேயே குத்திக் கொன்றார்கள். எனவே பழைய பொருளுக்குத் ‘தவணையாளன்’ என்றும்...

பாடவேளை எழுதியது:

தினமும் டிக்டேஷன் கொடுக்கிற நானும் அந்தக் கணக்கில் வருவேனா? ஐயா, வியாழன்!

பழையகணக்கர் எழுதியது:

எல்லோரும் டிக்டேட்டரையே பிடித்துத் தொங்குகிறீர்கள். எனக்குப் பெனவலண்ட்தான் இடிக்கிறது. ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் ஜோசப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1781இல் சிறுபான்மைச் சமயத்தவருக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார், பண்ணையடிமைகளின் கட்டைத் தளர்த்தினார். மனிதர் நல்லவர்தான். அதே கையால் 1784இல் ஹங்கேரியில் நிர்வாக மொழி ஜெர்மன் என்று ஆணையிட்டார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, ஒரே மொழி என்றால் வேலை சுலபம் என்ற கணக்கு. எதிர்ப்பு முற்றியபின், 1790இல் சாகும் தறுவாயில், அங்கே போட்ட ஆணைகளில் பெரும்பாலானவற்றை அவரே திரும்பப் பெற்றார். இந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

தலைப்பில் இருக்கும் ‘ஏற்கலாமா’வும் சரியில்லை. ஏற்பது என்றால் வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். இங்கே அது இல்லை. மேலும் ‘ஏற்பது இகழ்ச்சி’ என்று ஔவை சொன்னது பிச்சை வாங்குவதை. மேலேயிருந்து அளி, கீழேயிருந்து ஏற்பு; நம் நண்பர் அறியாமலே படத்தை முழுதாக வரைந்துவிட்டார். நாளைக்கு ஆள்பவன் கையை மூடிக்கொண்டால் எந்த உரிமையில் போய்க் கேட்பது?

கடைசிபெஞ்சு எழுதியது:

அது சரி, தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறபோது இலக்கணம் பார்ப்பார்களா? ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ் 1651இல் அதைத்தானே எழுதினார், உள்நாட்டுப் போரைவிட எந்த அரசனும் மேல் என்று? வீடு எரியும்போது தண்ணீர் ஊற்றுகிறவனிடம் ‘உன்னை யார் தேர்ந்தெடுத்தது’ என்று நான் கேட்க மாட்டேன்.

பழையகணக்கர் எழுதியது:

ஊற்றட்டும். அணைந்தபிறகு வீட்டைவிட்டுப் போவானா என்பதுதான் கேள்வி. ஒற்றுப்பித்தரின் ‘தவணை’யைச் சிரித்துத் தள்ளிவிட்டோம், விஷயம் அதில்தான் இருந்தது.

நல்லவனாகவே இருந்தாலும் அவனிடம் உண்மையை யார் சொல்வது? சீனாவில் 1958க்குப் பிறகு விளைச்சலைக் கூட்டிக் கூட்டியே மேலே கணக்குக் காட்டினார்கள், கீழே பஞ்சத்தில் கோடிக்கணக்கில் செத்தார்கள். ‘செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்பு’ என்று குறள் கேட்பது மன்னனின் குணத்தை. குணம் அவனோடு போய்விடும். கசப்பானதைச் சொல்கிறவனுக்கு மறுநாளும் வேலை இருக்குமா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பாடவேளை எழுதியது:

இதையெல்லாம் வகுப்பில் சொல்லப் போகிறேன், நன்றி. ஆனால் மணி நாலு. கை தூக்கியவர்கள் கணக்கு: ‘நல்லெண்ணச் சர்வாதிகாரி’ ஆறு, ‘நல்வல்லாட்சியர்’ இரண்டு, ‘அளிவல்லாளன்’ ஒன்று (யார் என்று சொல்ல வேண்டாம்). ‘ஏற்கலாமா’வை அப்படியே விட்டுவிட்டேன், மாணவர்களே அதைப் பிடிக்கிறார்களா பார்ப்போம்.

மூலநிரல் எழுதியது:

நானும் அதற்குத்தான் கை தூக்கினேன், அரைமனதாக. எண்ணம் நல்லது என்று யார் உள்ளே போய்ப் பார்த்தார்கள் என்று ஒரு பையன் கேட்டால் என்னைக் காட்டாதீர்கள்.

ஒற்றுப்பித்தன் எழுதியது:

அச்சான தாளின் படத்தைப் பார்த்தேன். ‘நல்லெண்ண’வுக்குப் பின் ‘ச்’ விடுபட்டுவிட்டது. பெரும்பான்மை முடிவை நான் ஏற்கவில்லை, பொறுத்துக்கொள்கிறேன். அளிவல்லாளனை அடுத்த பதிப்புக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.