ஆபீசுக்குள்ள மட்டும் நம்ம சைட் திறக்கல: ஹேர்பின் நேட்டா, ஸ்ப்ளிட் டிஎன்எஸ்ஸா?

ராமநாடு_ரவுட்டர்: சர்வர் 192.168.1.10. வெளி ஐபி 203.0.113.5. ஃபயர்வால்ல 443-ஐ (வெப்சைட் போர்ட்) சர்வருக்கு ஃபார்வர்டு பண்ணியிருக்கேன். மொபைல் டேட்டாவுல சைட் டக்குனு திறக்குது, ஆபீஸ் வைஃபைல சுத்திக்கிட்டே இருக்கு. ரூலை நாலு தடவை பாத்துட்டேன்.

பழைய_கேபிள்: ரூல் சரிதான் தம்பி. பதில் திரும்பற வழியிலதான் கோளாறு. உங்க பிசி 192.168.1.25, சுருக்கமா 1.25-னு வைங்க. அது 203.0.113.5-ஐக் கூப்பிடுது, ஃபயர்வால் முகவரியை மாத்தி 1.10-கிட்ட தள்ளுது. கேட்டது பக்கத்து வீட்டு 1.25-தானேன்னு சர்வர் ஃபயர்வாலைத் தொடாம நேரா பதில் அனுப்பிடுது. 203.0.113.5-கிட்ட இருந்து பதிலை எதிர்பார்த்த பிசியோ, "உன்னை யாரு கூப்பிட்டா"ன்னு ஆர்எஸ்டி (கனெக்‌ஷனை வெட்டுற பாக்கெட்) அடிச்சு விரட்டுது. பாக்கெட் போக்குவரத்தைக் காட்டுற டிசிபிடம்ப் ஓடவிட்டா கண்ணால பாக்கலாம். லேன்ல (ஆபீஸ் உள் நெட்வொர்க்) இருந்து 1.10-க்குப் போறதுக்கு ஒரு வரி மாஸ்கரேட் போடுங்க. அனுப்புனவர் முகவரி ஃபயர்வாலோடதா மாறி, பதிலும் அது வழியாவே வரும். இதான் ஹேர்பின் நேட், வேலை முடிஞ்சது.

நைட்ஷிப்ட்_ராணி: எங்கண்ணே முடிஞ்சது? அப்புறம் உள்ள இருக்கிற அத்தனை பேரும் சர்வர் லாக்ல ஃபயர்வாலோட உள் முகவரி 192.168.1.1-ஆத்தான் தெரிவாங்க. முன்னாடி நான் இருந்த ஆபீஸ்ல ஒருத்தர் பாஸ்வேர்டை அஞ்சு தடவை தப்பா அடிச்சார். தப்பான லாகினைப் பாத்து ஐபியைத் தடுக்கிற ஃபெயில்2பேன் 1.1-ஐத் தடை பண்ணிடுச்சு. திங்கக்கிழமை காலையில மொத்த ஆபீசும் அம்போ! ஸ்ப்ளிட் டிஎன்எஸ் வைங்க, சைட் பேருக்கு ஐபி சொல்ற டிஎன்எஸ் ரெண்டு பதில் வச்சிருக்கும். உள்ள கேட்டா 1.10, வெளிய கேட்டா 203.0.113.5.

பழைய_கேபிள்: ஃபெயில்2பேனோட விதிவிலக்குப் பட்டியலான இக்னோர்ஐபில 1.1-ஐச் சேர்த்தா தீர்ந்துது. உங்க வழியில ரெண்டு கணக்கு நோட்டு. ஒண்ணுல எழுதி இன்னொண்ணுல மறந்தா ராத்திரி பூரா தேடணும். வெளிய 8443, உள்ள 443-னு இருந்தா டிஎன்எஸ் போர்ட்டை மாத்திக் குடுக்குமா?

நைட்ஷிப்ட்_ராணி: போர்ட் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா இக்னோர்ஐபில போட்டா உள்ள இருந்து எவன் குடைஞ்சாலும் கண்டுக்காதே!

மூணாவது_கால்: ஊருக்கே திறந்த சர்வரை லேனுக்குள்ள எதுக்கு வச்சிருக்கீங்க? 192.168.2.0/24-னு டிஎம்இசட் (லேன்ல இருந்து பிரிச்ச தனி நெட்வொர்க்) போட்டு அங்க தள்ளுங்க. பதில் ஃபயர்வால் வழியாத்தான் வந்தாகணும். மாஸ்கரேட் வேணாம், லாக்ல நிஜ ஐபி விழும். ஃபார்வர்டு ரூலை மட்டும் வான் (வெளி இன்டர்நெட்) இன்டர்ஃபேஸ்ல கட்டாம, போய்ச் சேர்ற முகவரியை வச்சு எழுதணும். டிஎம்இசட் தானா லேனுக்குள்ள கனெக்‌ஷன் தொடங்க விடாதீங்க.

பழைய_கேபிள்: அதுக்கு மூணாவது கேபிள் போர்ட் எல்லார் ஃபயர்வால் டப்பாவுலயும் இருக்கா?

ராமநாடு_ரவுட்டர்: நம்மகிட்ட ஒண்ணு காலியா இருக்கு அண்ணே, ஞாயித்துக்கிழமை மாத்திடறேன். இப்போதைக்கு உங்க மாஸ்கரேட் போட்டேன், திறந்துடுச்சு. லாக்ல வரிசையா 1.1, 1.1, 1.1. அக்கா சொன்னது அப்படியே.