1995 கொரோலா 4ஏ-எஃப்இ-க்கு மாற்று இன்ஜின்: எது அப்படியே உட்காரும்?

நாலுகதவு

வண்டி 1995 டொயோட்டா கொரோலா (ஏஇ101). 4ஏ-எஃப்இ, 1587 சிசி, 5 கியர் மேனுவல், டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள மாடல். சூடேறி ஹெட் வளைந்துவிட்டது. 3ஆவது சிலிண்டர் சுவரிலும் கீறல். ஸ்லீவ் போட்டு, ஹெட்டையும் சரிசெய்வதைவிட வேறு இன்ஜின் போடுவதே மேல் என்று முடிவு. கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன.

பழைய இன்ஜின் மூன்று கிடைக்கின்றன: கரினா-ஈ-யிலிருந்து இறக்கிய 4ஏ-எஃப்இ, ஒரு 7ஏ-எஃப்இ, ஒரு 20 வால்வு 4ஏ-ஜிஇ. எல்லாமே ஏ சீரிஸ், உங்கள் கியர்பாக்ஸில் உட்கார்ந்துவிடும் என்கிறார் விற்பவர். ஒயரிங்கையும் ஈசியூவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தொடாமல் எதைப் போடலாம்? தரையில் கிடக்கும் இன்ஜினை எப்படிச் சோதித்து வாங்குவது?

ஸ்பேனர்செட்

கியர்பாக்ஸில் உட்காரும் என்று அவர் சொல்வது சரிதான். ஆனால் உட்காருவது வேறு, உங்கள் ஈசியூவுடன் ஒழுங்காக ஓடுவது வேறு. பழைய வண்டிக்கு இன்ஜின் தேடும்போது பிளாக் பெரும்பாலும் சிக்கல் தராது. அதைச் சுற்றி மாட்டியிருப்பவைதான் வேலையை இழுக்கும்.

20 வால்வை விடுங்கள். சிலிண்டருக்கு 5 வால்வு, தனித்தனி த்ராட்டில், இன்டேக் கேமுக்கு விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு). அதன் சொந்த ஈசியூவும் ஒயரிங்கும் இல்லாமல் அது ஓடாது.

7ஏ-எஃப்இ ஆசை காட்டும். போர் (சிலிண்டர் விட்டம்) 4ஏ, 7ஏ இரண்டிலும் 81 மிமீதான்; ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 77-க்குப் பதில் 85.5 மிமீ, அதனால் 1762 சிசி. அந்த நீள ஸ்ட்ரோக்குக்காகப் பிளாக்கே உயரமானது. 4ஏ-வின் டைமிங் பெல்ட் அதற்குச் சேராது, 7ஏ பெல்ட்தான் வாங்க வேண்டும். ஹெட் மேலே போவதால் எக்ஸாஸ்ட் பைப் சேரும் இடத்தையும் பானெட் இடைவெளியையும் அளந்து பார்க்க வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. முக்கியமான சிக்கல் பெட்ரோல் கணக்கில். உங்கள் ஈசியூ மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை வைத்து, இது 1587 சிசி என்று எண்ணிக்கொண்டு பெட்ரோல் விடும். வருவதோ சுமார் 11% கூடுதல் காற்று. மெதுவாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ அதைத் திருத்திக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது சென்சாரைக் கணக்கில் எடுக்காது. கலவையில் பெட்ரோல் குறைந்து (லீனாகி) நாக்கிங், அதாவது தப்பான நேரத்தில் வெடிப்பு, வரும், பிஸ்டன் போகும். 7ஏ வேண்டுமென்றால் அதன் ஈசியூ, இன்ஜெக்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் சேர்த்தே வாங்க வேண்டும். ஒயரிங்கைத் தொட மாட்டேன் என்றால் அது உங்களுக்கில்லை.

மிச்சம் கரினா-ஈ 4ஏ-எஃப்இ. அதிலும் ஒரு பொறி உண்டு: கரினா-ஈ-யில் லீன் பர்ன் (குறைந்த பெட்ரோல் கலவையில் ஓடும்) 4ஏ-எஃப்இ-யும் வந்தது. அதன் இன்டேக் போர்ட் அமைப்பு வேறு, நடுவில் வேக்குவத்தில் இயங்கும் ஸ்வர்ல் வால்வு இருக்கும், சென்சாரும் சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் இல்லை. உங்கள் பழைய இன்டேக் கேஸ்கெட்டைக் கையோடு கொண்டுபோய் ஹெட்டில் வைத்துப் பாருங்கள். போர்ட் வாய்களும் போல்ட் துளைகளும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்தால் சாதாரண வகை, வாங்கலாம்.

வாங்கினாலும் எடுத்துக்கொள்ள வேண்டியது பிளாக்கும் ஹெட்டும் மட்டும். இன்டேக், இன்ஜெக்டர், டிஸ்ட்ரிபியூட்டர், சென்சார்கள், ஆல்டர்னேட்டர், மவுண்ட் பிராக்கெட் எல்லாம் உங்கள் வண்டியுடையதையே மாற்றி மாட்டுங்கள். ஒயரிங்கில் ஒரு கனெக்டர்கூட வெட்ட வேண்டியிருக்காது.

கசிவுமானி

சோதிக்கும் முறையை நான் சொல்கிறேன். இந்த இன்ஜினில் ஸ்டார்ட்டர் மோட்டார் கியர்பாக்ஸ் கூட்டில்தான் மாட்டும். ஆகவே வெறும் இன்ஜினைத் தரையில் வைத்து கம்ப்ரஷன் பார்க்க முடியாது. விற்பவரிடம் ஒரு கியர்பாக்ஸ் கூடு இருந்தால் மாட்டிப் பார்க்கலாம். 4ஏ-எஃப்இ-க்கு சரியான அளவு சதுர செ.மீ.க்கு 13.5 கிலோ (சுமார் 190 பிஎஸ்ஐ), குறைந்தபட்சம் 10 கிலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 கிலோவுக்குள். இந்த அளவுகள் சூடான இன்ஜினுக்கு. குளிர்ந்த இன்ஜினில் எல்லாமே கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதனால் நான்கும் சமமாக இருக்கிறதா என்பதையே பாருங்கள்.

கூடு இல்லையென்றால் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் விட்ட காற்று எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) செய்யுங்கள், அதற்கு ஸ்டார்ட்டர் வேண்டாம். பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் சுழலாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்று விடுங்கள். 10%-க்குள் கசிந்தால் நல்ல இன்ஜின், 20% தாண்டினால் வேண்டாம். காற்று எங்கே சீறுகிறது என்று காது வைத்துக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். இன்டேக் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. எக்ஸாஸ்ட் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. தண்ணீர்ப் பாதையில் ஊற்றி வைத்த தண்ணீர் குமிழியிட்டால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் கீறல்.

அதற்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒரு சுற்றில் பாதி வேலைதான் தெரியும். எங்காவது பிடித்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். வால்வ் கவரைத் திறக்கச் சொல்லுங்கள்: கேம் முகடுகள் பளபளவென்று இருக்க வேண்டும், கருப்புத் தார் மாதிரி படிவு இருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டிய இன்ஜின். தெர்மோஸ்டாட் கூட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். துருச்சேறு வந்தால் அதில் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

நாலுகதவு

மிக்க நன்றி. கரினா இன்ஜினில் முத்திரை அடித்த எண் 4ஏ என்றுதான் தொடங்குகிறது. எஃப்இ என்று எதை வைத்து உறுதி செய்வது? இறக்கிய வண்டி ஆட்டோமேட்டிக் என்றும் இப்போது சொல்கிறார்.

ஸ்பேனர்செட்

முத்திரை எண்ணில் குடும்பம் மட்டும் தெரியும். பெல்ட் பக்கம் பாருங்கள். எஃப் ஹெட்டில் பெல்ட் ஒரு கேமை மட்டும் சுற்றும், மற்ற கேம் உள்ளே கியரால் ஓடும். ஆக மேலே ஒரே ஒரு பெரிய பல்சக்கரம். ஜிஇ-யில் இரண்டு. இனி எஃப்-ஆ எஃப்இ-ஆ: கார்புரேட்டர் வைத்தது 4ஏ-எஃப், இன்ஜெக்டர் வைத்தது எஃப்இ. இன்டேக்கைக் கழற்றித் தருபவரிடம் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இறக்கிய வண்டியின் இன்ஜின் அறைத் தகடு கிடைத்தால் அதில் 4ஏ-எஃப்இ 1587 சிசி என்று முழுசாகவே இருக்கும்.

ஆட்டோமேட்டிக் என்றால் பின்னால் மெல்லிய டிரைவ் பிளேட் இருக்கும். அதைக் கழற்றி உங்கள் பிளைவீலை மாட்டுங்கள், கிராங்கில் போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் வட்டமும் ஒன்றா என்று பார்த்துவிட்டு. டிரைவ் பிளேட் போல்ட்டைப் பிளைவீலுக்குப் போடக் கூடாது: பிளைவீல் தடிமன், அந்தக் குட்டைப் போல்ட்டுக்கு மரை போதாது.

ஆயில்சீல்

மாட்டும் முன், இன்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்ற வேண்டியவை: பின் கிராங்க் சீல், முன் கிராங்க் சீல், கேம் சீல், டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், வால்வ் கவர் கேஸ்கெட், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங். பின் சீல் மட்டும் பிறகு ஒழுகினால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும்.

பிளாக்கின் பின்முகத்தில் இரண்டு டவல் பின் (கியர்பாக்ஸை நேராக நிறுத்தும் முளைகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். கழற்றும்போது ஒன்று பழைய கியர்பாக்ஸோடு போய்விடுவது சகஜம். பின் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பி முடுக்கினால் இன்புட் ஷாஃப்ட் மயிரிழை விலகி நிற்கும். பேரிங் சத்தம் போடும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி உடையும். இன்ஜினும் கியர்பாக்ஸும் கையால் தள்ளியே முகத்தோடு முகம் ஒட்ட வேண்டும். போல்ட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள்.

பழைய இன்ஜின் ஏன் சூடேறியது என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் புதிதாக ஒன்றை உள்ளே இறக்காதீர்கள். ரேடியேட்டரை உள்ளே சுத்தம் செய்து, தண்ணீர் தாராளமாக இறங்குகிறதா பாருங்கள், சந்தேகமென்றால் மாற்றுங்கள். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும். ஃபேன் தானாக ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஹீட்டர் கோரையும் தனியாகக் கழுவுங்கள், பழைய இன்ஜினின் சேறு அங்கே தங்கியிருக்கும்.

இன்ஜின் எண் மாறுவதால் பதிவு ஆவணத்தில் அதைத் திருத்த வேண்டியிருக்கும். வாங்கும்போதே எண் குறித்த ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவுமானி

முதல் ஸ்டார்ட்டுக்கு: இன்ஜெக்டர் கனெக்டரையும் இக்னிஷனையும் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிறகுதான் பற்ற விடுவது. ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வைத்து, ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்கும்வரை கூலன்ட் ஊற்றுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றி மாட்டியதால் டைமிங் பார்த்தே ஆக வேண்டும். சூடான பின், டயக்னோஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்து, டைமிங் லைட்டில் பிஸ்டன் உச்சிக்கு 10 டிகிரி முன்னால் வையுங்கள். இணைக்காமல் பார்த்தால் ஈசியூ தானாக முன்னே நகர்த்தும், காட்டும் அளவு பொய்யாக இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை முடுக்கிய பிறகு இன்னொரு தடவை லைட் அடியுங்கள். முடுக்கும்போது அது நகரும்.