அப்பாவுக்கு ரேடியோ வாங்கணும்: எஃப்.எம். மட்டும் போதுமா, மீடியம் வேவும் வேணுமா?

வெண்ணாற்றங்கரை:

மன்னார்குடி பக்கம் கிராமம். அப்பாவோட பழைய செட் போன மழையில நனைஞ்சு, ரிப்பேர்காரரும் கைவிரிச்சுட்டார். புதுசு வாங்கப் போனா கடைக்காரர், "மீடியம் வேவ்ல இப்ப என்ன சார் இருக்கு, பென்டிரைவ் போடற எஃப்.எம். செட் எடுத்துக்குங்க"ங்கறார். அப்பா ஒத்துக்க மாட்டேங்கறார். அவருக்குப் பாட்டெல்லாம் பெரிசில்லை. காலையில திருச்சி நிலையம், செய்தி, வானிலை, சாயங்காலம் உழவர் நிகழ்ச்சி. இதுக்காகத்தான் ரேடியோ.

பெரியப்பா வீட்டு செட்டை வாங்கி, திருச்சி நிலையம் வர்ற மீடியம் வேவ் 936ல வெச்சுப் பாத்தோம். கூடத்துல வெச்சா ஒரே கர்ர்ர். வெளியில களத்துல வெச்சா தெளிவா இருக்கு. இது ஏன்? இன்னொரு சந்தேகமும் உண்டு. சென்னை, திருச்சி, கோவை, நெல்லைன்னு அரசாங்கமே எதுக்கு இத்தனை நிலையம் வெச்சிருக்கு? ஒரே நிகழ்ச்சியை எல்லா இடத்துலயும் விட்டா செலவு மிச்சம்தானே?

பழைய_வால்வு:

தம்பி, ஆகாசவாணியில மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்ல ஷிஃப்ட் பாத்து ரிட்டயர் ஆனவன் நான். உங்க கேள்வியில கூடமும் களமும் வந்ததுமே பாதி விடை கிடைச்சிருச்சு.

இரைச்சல் நிலையத்துலேருந்து வரலை, உங்க வீட்டுலேருந்துதான் வருது. மலிவு எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், டிவி பெட்டி, இதுக்குள்ள மின்சாரத்தை வேகமா வெட்டி வெட்டி மாத்தற ஸ்விட்சிங் சப்ளை எல்லாம் மீடியம் வேவ் அலைவரிசை முழுக்கக் குப்பை கொட்டும். மெயின் சுவிட்சை ஒரு நிமிஷம் அணைச்சுட்டு, பேட்டரியில செட்டை ஓட விடுங்க. இரைச்சல் நின்னா ஒவ்வொரு சாமானா திரும்பப் போட்டு எவன் திருடன்னு கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது, செட்டைத் திருப்பிப் பாருங்க. உள்ளே ஒரு கறுப்பு ஃபெரைட் கம்பி படுத்திருக்கும், அதுதான் மீடியம் வேவுக்கு ஏரியல். மேல இழுத்து விடற ஆன்டெனா எஃப்.எம்.முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான். அதை எவ்வளவு நீட்டினாலும் 936க்குப் பிரயோஜனம் இல்லை. செட்டோட அகலமான பக்கம் திருச்சியைப் பாத்து இருந்தா சத்தம் கூடும். கம்பியோட நுனி எந்தப் பக்கம் நீட்டுதோ அந்தப் பக்கத்துலேருந்து வர்றது அமுங்கும். அதனால சில நேரம் நிலையத்தைப் பாத்துத் திருப்பறதைவிட, இரைச்சல் போடற சாமானுக்கு நுனியைக் காட்டறதுதான் லாபம்.

இப்ப கடைக்காரர் விஷயம். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும். 10 கிலோவாட் நிலையமா இருந்தாலும் ஐம்பது அறுபது கிலோமீட்டரோட தேஞ்சுரும். மீடியம் வேவ் தரையை ஒட்டிப் படர்ந்து போகும். திருச்சி 936 வந்து 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், பட்டப்பகல்லயே டெல்டா முழுக்கப் போய்ச் சேரும். இரவுல வானத்துல பட்டுத் திரும்பி இன்னும் தூரம் போகும். ஆனா அதே நேரத்துல எங்கெங்கோ இருக்கற நிலையமும் வந்து அது மேல விழும்.

இதெல்லாம் சும்மா வர்றதில்லை. மீடியம் வேவுல அந்தக் கோபுரமே ஏரியல். பீங்கான் இன்சுலேட்டர் மேல நிக்கும். ஒலிபரப்பு ஓடும்போது தரையில நின்னுக்கிட்டு அதைத் தொட்டா ஆள் காலி. அதைச் சுத்தி மண்ணுக்கடியில செம்புக் கம்பிகளை வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி பதிச்சிருப்போம். ஈரமண் வேணும், ஏக்கர் கணக்குல இடம் வேணும், அதனாலதான் டிரான்ஸ்மிட்டரெல்லாம் ஊருக்கு வெளியே வயல்வெளியில இருக்கு. 100 கிலோவாட்டைக் காத்துல விடணும்னா மின்வாரியத்துலேருந்து அதைவிடக் கணிசமா இழுக்கணும். நாட்டுல பல மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களைப் படிப்படியா நிறுத்திட்டு எஃப்.எம்.முக்கு மாறிட்டு வர்றதுக்குக் காரணமே இந்தச் செலவுதான். கடைக்காரர் முழுப் பொய் சொல்லலை. ஆனா மன்னார்குடி கிராமத்துக்குச் சொல்ற பதில் அது இல்லை.

கடைசி_பெஞ்ச்:

யாரு சார் இப்ப ஆகாசவாணி கேக்கறாங்க? மக்கள் வரிப்பணம்தான் வீண். செய்தி போன்லயே வந்துருது, பாட்டுக்குத் தனியார் எஃப்.எம். இருக்கு. இழுத்து மூட வேண்டியதுதான்.

பழைய_வால்வு:

பாட்டுக்குத் தனியார் இருக்கு, சரி. செய்திக்கு இல்லையே! தனியார் எஃப்.எம்.காரங்க சொந்தமா செய்தி தயாரிச்சு வாசிக்க இந்தியாவுல அனுமதி கிடையாது. வேணும்னா ஆகாசவாணி செய்தியை அப்படியே மாத்தாம ஒலிபரப்பலாம். அவ்வளவுதான்.

வரிப்பணம்னதும் ஒண்ணு சொல்லணும். ஒரு காலத்துல இதுக்குக் கேக்கறவங்களே நேரா காசு கட்டினாங்க. ரேடியோ வெச்சிருந்தா போஸ்ட் ஆபீஸ்ல லைசன்ஸ் எடுக்கணும், வருஷா வருஷம் புதுப்பிச்சு முத்திரை குத்திக்கணும். 1985ல அதை எடுத்தாங்க. 1997 நவம்பர்லேருந்து வானொலியும் தூர்தர்ஷனும் பிரசார் பாரதிங்கற தன்னாட்சி அமைப்போட கையில. அதுக்கான சட்டம் 1990லயே வந்தாச்சு, அமலுக்கு வர ஏழு வருஷம். பேருக்குத் தன்னாட்சி, காசுக்கு அரசாங்க மானியமும் விளம்பரமும். அரசாங்கத்தை அதட்டிக் கேள்வி கேக்கற செய்தியை இதுல எதிர்பாக்காதீங்க. அந்தக் குறையை உள்ள இருந்த நானே மறுக்க மாட்டேன். ஆனா குறை இருக்குன்னு மூடினா, வயல்ல நிக்கறவருக்கு நாளைக்கு மழை உண்டா இல்லையான்னு யார் சொல்லுவா?

"ஒரே நிகழ்ச்சி போதாதா"ன்னு கேட்டவருக்கும் இதுலயே பதில் இருக்கு. 1960கள்ல ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலேருந்து ஏடிடி 27ன்னு ஒரு குறுகிய கால நெல் வந்துச்சு. தஞ்சாவூர்க்காரங்க அதை எப்ப நாத்து விடணும், எவ்வளவு உரம், என்ன பூச்சின்னு திருச்சி நிலையத்துல கேட்டுக் கேட்டுத்தான் நட்டாங்க. அதுக்கு ஊர்ல பேரே ரேடியோ நெல். அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, தெரிஞ்சிருக்கும். 1966லேருந்து பண்ணை இல்ல ஒலிபரப்புன்னு தனிப் பிரிவே உண்டு. ஆடுதுறை நெல்லைப் பத்தி டெல்லியிலேருந்து பேச முடியுமா? கோயம்புத்தூர்லேருந்து பேசினாலே மண்ணு வேற, தண்ணி வேற. பின்னாடி 'இன்று ஒரு தகவல்' சொல்லி வீட்டுக்கு வீடு தெரிஞ்சவரான தென்கச்சி கோ. சுவாமிநாதன்கூட முதல்ல நெல்லையில விவசாய நிகழ்ச்சி பாத்தவர்தான்.

மயிலாப்பூர்வாசி:

சென்னைக் கதையைக் கொஞ்சம் சேர்த்துக்கறேன். 1924 ஜூலை 31ல இங்கே ஒலிபரப்பு ஆரம்பிச்சது அரசாங்கம் இல்லை, ஒரு சங்கம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில வந்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப். மூணு வருஷத்துல காசு தீந்துபோய் டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்குக் கொடுத்துட்டாங்க. 1930லேருந்து கார்ப்பரேஷனே நடத்துச்சு. குப்பை அள்ளறவங்களும் தண்ணி விடறவங்களும்தான் கச்சேரியும் விட்டாங்க! வீட்டுல செட் இல்லாதவங்க மெரினாவுல ஒலிபெருக்கிக்குக் கீழே மணல்ல உக்காந்து கேட்டாங்க. 1936ல டெல்லியில அரசாங்க ஒலிபரப்புக்கு ஆல் இந்தியா ரேடியோன்னு பேர் வெச்சு, 1938 ஜூன் 16ல சென்னை நிலையம், அடுத்த வருஷம் மே 16ல திருச்சி. சுதந்திரம் வந்தப்ப இந்தியப் பக்கம் இருந்த ஆறு நிலையத்துல ரெண்டு நம்மளோடது.

அப்புறம் கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரா வந்து சினிமாப் பாட்டை ஒதுக்கினாரா, ஜனங்க இலங்கை வானொலிக்கு ஓடினாங்க. ஓடினவங்களைத் திரும்ப இழுக்கத்தான் 1957 அக்டோபர்ல பாட்டுக்குன்னே விவித பாரதி சேவை.

வெண்ணாற்றங்கரை:

ரேடியோ நெல்லுன்னதும் அப்பா எழுந்து உக்காந்துட்டார்! தாத்தா போட்டதாம். பழைய_வால்வு ஐயா, டிரான்ஸ்மிட்டர்ல காலையில என்னதான் செய்வீங்க? அப்பாதான் கேக்கச் சொன்னார்.

பழைய_வால்வு:

நான் சேர்ந்தப்ப எல்லாம் வால்வு. விடியறதுக்கு முன்னாடி முதல்ல ஊதுகாத்து, அப்புறம் ஃபிலமென்ட். வால்வு சூடாகற வரைக்கும் மீட்டரைப் பாத்துட்டு நிக்கணும். அவசரப்பட்டு எச்.டி., அதாவது உயர் மின்னழுத்தம், போட்டா லட்ச ரூபாய் வால்வு போயிரும், கூடவே மெமோவும் வரும். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்டுடியோவுலேருந்து அந்த அடையாள இசை வரும், வால்டர் காஃப்மன் அமைச்சது, தம்புராவும் வயலினும். ஒலி அலையில ஏறுதான்னு காட்டற மாடுலேஷன் மீட்டர் முள்ளு ஆடினாத்தான் எங்களுக்கு மூச்சு வரும். அப்புறம் வந்தே மாதரம். பின்னாடியே அறிவிப்பாளர் அலைவரிசை சொல்லுவார். திருச்சின்னா மத்திய அலை 320.5 மீட்டர், அதாவது 936 கிலோஹெர்ட்ஸ்.

கஷ்டம் காலை 7.15க்கு. டெல்லித் தமிழ்ச் செய்தி அப்ப ஷார்ட் வேவுலதான் வரும். அதை ரிசீவர்ல பிடிச்சுத்தான் நாங்க மீடியம் வேவுல விடணும். சரோஜ் நாராயணஸ்வாமி வாசிச்சுட்டே இருப்பாங்க, பாதி வாக்கியத்துல குரல் அப்படியே உள்ளே போயிரும். வேற அலைவரிசைக்கு மாத்தறதுக்குள்ள திரும்ப மேல வரும். மாத்தலாமா விடலாமான்னு தினமும் ஒரு சூதாட்டம். என்ன மாத்தினோம், எத்தனை நிமிஷம் தடங்கல்னு லாக் புக்ல எழுதணும். 1983ல இன்சாட் 1பி செயற்கைக்கோள் மேல போனப்புறம் படிப்படியா நிலையத்துக்கு நிலையம் டிஷ் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தம்மா பக்கத்து அறையில பேசற மாதிரி இருந்துச்சு.

இப்ப உங்க செட். மீடியம் வேவ், எஃப்.எம். ரெண்டும் இருக்கறதா வாங்குங்க. முள்ளு இருக்கற, குமிழ் திருகற செட்டா இருந்தா அப்பாவுக்குச் சுலபம். பென்டிரைவ் செட்ல பலதுல மீடியம் வேவே கிடையாது. பெட்டியில ஏ.எம். அல்லது எம்.டபிள்யூ.ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. வாங்கறதுக்கு முன்னாடி கடைக்கு வெளியே வந்து, டியூப்லைட்டுக்குத் தள்ளி நின்னு, பேட்டரி போட்டு 936ஐ வெச்சுக் கேளுங்க. எஃப்.எம்.ல காரைக்கால் 100.3 உங்க ஊருக்கு எட்டும்னு நினைக்கிறேன், அதையும் பாத்துருங்க. நெட் இருந்தா நியூஸ் ஆன் ஏர் ஆப்ல எல்லா நிலையமும் வரும். ஆனா புயல் வந்து டவர் சாஞ்சா ஆப் முதல்ல போகும்.

வெண்ணாற்றங்கரை:

மெயினை அணைச்சுப் பாத்தோம். கூடத்து எல்.இ.டி. ரெண்டும்தான் பாதி இரைச்சல். மீதி பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் போல, அவங்க வீட்டுச் சுவரை ஒட்டி வெச்சா அதிகமாகுது. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?

பழைய_வால்வு:

சொல்லாதீங்க, சண்டை வரும். செட்டை எதிர்ச் சுவர்ல வெச்சு, நுனியை அவங்க வீட்டுப் பக்கம் திருப்பி விடுங்க.