பழைய ஐபாட் டச்சில் சிம் போட வழி உண்டா? பாட்டு பிளேயரில் ஏன் யாரும் சிம் வைப்பதில்லை?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம். எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். மகள் எட்டாவது படிக்கிறாள், சனி ஞாயிறு பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பஸ்ஸில் தஞ்சாவூருக்கு வயலின் வகுப்புக்குப் போய்வருகிறாள். போகிற வழியில் பாட்டு கேட்க வேண்டும், டீச்சர் அனுப்பும் பதிவுகளைக் கேட்க வேண்டும், திரும்ப பஸ் ஏறியதும் எனக்கு ஒரு செய்தி போட வேண்டும், அவ்வளவுதான். இதற்காக ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்க மனசும் இல்லை, கையில் காசும் இல்லை. குறுவை அறுத்த பணம் உரக்கடைப் பாக்கிக்கே சரியாகப் போய்விட்டது.

சிங்கப்பூர் சித்தப்பா கொடுத்த ஐபாட் டச் ஒன்று பீரோவில் கிடக்கிறது, 2015இல் வந்த மாடல், 16 ஜிபி. சார்ஜ் போட்டால் இன்னும் உயிர் வருகிறது, வைஃபை கிடைத்தால் நெட்டும் ஓடுகிறது. இதில் ஒரு சிம் மட்டும் போட முடிந்தால் போனே தேவையில்லையே! கடையில் கொடுத்து சிம் ஸ்லாட் வைக்க முடியுமா? அது முடியாதென்றால், இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயில் சிம் போடுகிற பாட்டு பிளேயர் என்று ஒன்றை ஏன் எந்தக் கம்பெனியும் செய்வதில்லை?

குடந்தை சர்வீஸ் எழுதியது:

அண்ணே, கும்பகோணத்தில் பதினைந்து வருஷமாக போன் சர்வீஸ் பார்க்கிறேன், இதே கேள்வியோடு மூன்று பேராவது வந்திருப்பார்கள். சிம் ஸ்லாட் என்பது வெறும் தகடு, பத்து ரூபாய் சாமான். அது போய்ச் சேர வேண்டிய மோடம் சிப், அதாவது செல் டவரோடு பேசுகிற சிப், உங்கள் ஐபாட் போர்டில் கிடையவே கிடையாது, ஆன்டெனாவும் வைஃபை, புளூடூத்துக்கு மட்டும்தான். பஸ் நிறுத்தம் கட்டலாம், ரோடு இல்லாத ஊருக்கு பஸ் எப்படி வரும்?

இதை முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 2010இல் சீனாவில் பீல் 520 என்று ஐபாட் டச்சுக்கு ஓர் உறை வந்தது. சிம், மோடம், தனி பேட்டரி எல்லாம் உறைக்குள்ளேயே இருக்கும், ஐபாடை அதில் செருகினால் கால் பேசலாம். ஆனால் ஐபாடை ஜெயில்பிரேக் செய்தால்தான், அதாவது ஆப்பிள் போட்ட மென்பொருள் பூட்டை உடைத்தால்தான், வேலை செய்யும். அதே வருஷக் கடைசியில் அமெரிக்காவில் இசட்டிஇ கம்பெனி ஸ்பிரின்ட் நெட்வொர்க்குக்கு ஒரு உறை விட்டது, அதில் கால் வராது, மொபைல் நெட்டை வைஃபையாக்கித் தரும் ஹாட்ஸ்பாட் ஒன்று உறை வடிவில், அவ்வளவுதான். இரண்டும் நிலைக்கவில்லை.

ஜியோஃபை மாதிரி சின்ன ஹாட்ஸ்பாட் ஒன்றைப் பையில் போட்டு அனுப்பலாம். ஆனால் தினம் இரண்டு சாமானுக்கு சார்ஜ், இரண்டையும் தொலைக்காமல் பார்க்க வேண்டும், அப்புறம் அதற்கும் ஒரு ரீசார்ஜ். இன்னொன்று, ஐபாட் டச்சுக்கு வாட்ஸ்அப் வந்ததே இல்லை. ஆப்பிளின் வீடியோ கால் ஃபேஸ்டைம் இருக்கிறதே என்றால் நீங்களும் ஆப்பிள் சாமான் வைத்திருக்க வேண்டும். உங்களிடம் ஆண்ட்ராய்டு என்று நினைக்கிறேன். பாப்பா யாருக்குச் செய்தி போடும்?

மோடம்காரன் எழுதியது:

கடைக்காரர் சொன்னது சரி. "ஏன் செய்வதில்லை" என்பதற்கு மட்டும் நான் சொல்கிறேன், இந்தத் துறையில் சில காலம் இருந்தவன்.

மோடம் வைத்தால் அதோடு முடியாது. நம் ஊரில் ஜியோவே 4ஜிக்கு 3, 5, 40 என்று மூன்று பேண்ட் (அலைவரிசை) ஓட்டுகிறது, மற்ற நெட்வொர்க்குக்கு வேறு பேண்டும் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஃபில்டர், ஆம்ப்ளிஃபையர், இடம், பேட்டரி. ஒவ்வொரு கருவிக்கும் ஐஎம்இஐ என்ற அடையாள எண் வாங்க வேண்டும், கதிர்வீச்சு அளவு கிலோவுக்கு 1.6 வாட்டுக்குள் வருகிறதா என்று சோதிக்க வேண்டும், 4ஜி காப்புரிமை வைத்திருக்கிறவர்களுக்கு ஒவ்வொரு கருவிக்கும் பணம் கட்ட வேண்டும். கால் பேச விட்டால் 2017இலிருந்து இங்கே விற்கும் எல்லா போனுக்கும் கட்டாயமான அவசர பட்டனையும் சேர்க்க வேண்டும், வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகப் பேசும் கால், ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் ஓடுகிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகு கையில் இருப்பது பிளேயர் இல்லை, போன்தான்!

விலையையும் பாருங்கள். பத்தாம் தலைமுறை ஐபேட் டேப்லெட் 2022இல் இங்கே வந்தபோது வைஃபை மட்டும் உள்ளது 44,900, சிம் போடுவது 59,900. 15,000 ரூபாய் வித்தியாசம், அதிலும் சாதாரண கால் வராது. கம்பெனி லாபம் அதில் எவ்வளவு என்பது வேறு கதை, அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும்.

2011இல் சாம்சங் கேலக்ஸி பிளேயர் என்று ஒன்று விட்டது, கேலக்ஸி எஸ் போனிலிருந்து கால் பேசும் பகுதியை மட்டும் கழற்றிய மாதிரி இருக்கும். போன் விலை இறங்க இறங்க அந்த வகையே அற்றுப் போனது. ஐபாட் டச்சையும் 2022 மே மாதம் ஆப்பிள் நிறுத்திவிட்டது.

தாளடி எழுதியது:

பேண்ட், காப்புரிமை என்பதெல்லாம் இருக்கட்டும். எங்கள் வயல் மோட்டாரில் சிம் இருக்கிறது தெரியுமா? திருத்துறைப்பூண்டி பக்கம் போய்ப் பாருங்கள், கொட்டகைக்குக் கொட்டகை மொபைல் ஸ்டார்ட்டர்தான். மும்முனை கரண்ட் நடுராத்திரி வந்தால் படுத்த இடத்திலிருந்து ஒரு கால் போட்டு மோட்டாரை ஓடவிடலாம், பாம்பு பல்லிக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டாம். மோட்டாருக்கு சிம் வைக்க முடிகிறவனுக்குப் பாட்டுப் பெட்டிக்கு வைக்க முடியாதா?

ஆனால் வலி எங்கே என்றால் ரீசார்ஜில். முன்னே அந்த சிம்முக்கு வருஷம் முழுக்க பத்து ரூபாய் டாப்-அப்பே போதும், அது கால் எடுத்தால் போதுமே. இப்போது ரீசார்ஜுக்கு விடாமல் அழுதால்தான் சிம் உயிரோடு இருக்கிறது. எங்கள் ஸ்டார்ட்டர் 2ஜி, ஜியோவில் 2ஜியே கிடையாது, அதனால் வேறு சிம்தான் போட்டாக வேண்டும். ரீசார்ஜ் முடிந்தது தெரியாமல் போன வருஷம் ஒரு ராத்திரி முழுக்க கால் போட்டுக்கொண்டே இருந்தேன், நாற்றங்கால் காய்ந்தது. கருவி விலையைக் கேட்காதீர்கள் தம்பி, ரீசார்ஜை விடாமல் யார் கட்டுவது என்று கேளுங்கள்.

மோடம்காரன் எழுதியது:

தாளடி ஐயா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஸ்டார்ட்டரில் இருப்பது 2ஜி மோடம், மலிவு, "ஓடு, நில்" என்று இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும். பாட்டுக்கு அது காணாது. புத்தகம் படிக்கும் கருவியான அமேசான் கிண்டில் 2007இல் வந்தபோது உள்ளேயே செல்போன் டேட்டா, மாதக் கட்டணம் இல்லை, செலவை அமேசானே ஏற்றது. ஒரு புத்தகம் ஒரு எம்பி கூடத் தேறாது, ஆனால் ஒவ்வொன்றும் விற்பனை, அதனால் கட்டுப்படியானது. 128 கேபிபிஎஸ் பாட்டு நிமிஷத்துக்குச் சுமார் ஒரு எம்பி தின்னும், அதை யார் ஏற்பார்கள்? சோனி வீட்டா என்ற விளையாட்டுக் கருவியிலும் 3ஜி இருந்தது, 2013இல் வந்த மெலிந்த மாடலில் எடுத்தே விட்டார்கள்.

காவேரி மடை எழுதியது:

எல்லாரும் "போன் வாங்கு" என்று முடிக்கப் போகிறீர்கள் போல, அதனால் சொல்கிறேன். நானும் பெண்பிள்ளை வைத்திருக்கிறேன். அண்ணன் கேட்பது குறைவாகச் செய்கிற ஒரு கருவி. போனில் எதையெல்லாம் அடைக்கலாம் என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு செட்டிங்ஸைத் தோண்டிக்கொண்டிருக்கும் தாய் தகப்பனுக்குத்தான் அந்த அருமை தெரியும். பிள்ளைகள் போனைக் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் எல்லாம் போட்டுப் பார்த்தேன், என் மகள் என்னை விடக் கெட்டிக்காரி.

நான் செய்தது இதுதான்: பாட்டு தனி, சிம் தனி. டீச்சர் அனுப்புவதை என் போனில் இறக்கி, மெமரி கார்டு போடுகிற ஒரு சாதா பிளேயரில் ஏற்றிக் கொடுத்துவிடுவேன். நாலு நிமிஷப் பாட்டு நாலு எம்பி என்றால் 32 ஜிபியில் எட்டாயிரம் போகும், பஸ்ஸில் நெட் எதற்கு? கூட ஒரு பட்டன் போன். ஜியோபாரத் 2023இல் 999 ரூபாய்க்கு வந்தது, மாத பிளான் 123. போன் அடிக்க, எடுக்க, முடிந்தது. அதிலேயே பாட்டும் கேட்கலாம், ஆனால் ஹெட்செட் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, வயலின் கேட்கிற பிள்ளைக்குச் சொல்கிறேன்.

குடந்தை சர்வீஸ் எழுதியது:

பிளேயர்கூட வாங்க வேண்டாம், அந்த ஐபாடே இருக்கிறது. ஹெட்போன் குத்தும் ஓட்டை அதில் உண்டு, சத்தம் சுத்தமாக வரும். லேப்டாப்பில் ஐடியூன்ஸ் போட்டு ஏற்றுங்கள், கொஞ்சம் மல்லுக்கட்ட வைக்கும். அதற்கு முன்னால் ஒன்று, திரை ஓரம் தூக்கியிருக்கிறதா பாருங்கள். பீரோவில் கிடந்த பேட்டரி உப்பும். தூக்கியிருந்தால் சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

பார்த்தேன், கீழ் ஓரம் லேசாகத் தூக்கித்தான் இருக்கிறது. சார்ஜைப் பிடுங்கிவிட்டேன், வெள்ளிக்கிழமை கும்பகோணம் வருகிறேன். பட்டன் போனை மகளிடம் சொன்னேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், வயலினைப் பற்றிப் பேசியதும் சரி என்றாள்.

தாளடி ஐயா, அந்த ஸ்டார்ட்டர் ஒரு முனை கரண்ட் போனால் தானாக நிற்குமா? எங்கள் பக்கம் போன மாதம் மட்டும் இரண்டு மோட்டார் எரிந்துவிட்டது.

தாளடி எழுதியது:

நிற்கும். ஆனால் எல்லாவற்றிலும் அது வராது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். நான் போட்டிருப்பதன் படத்தை நாளைக் காலையில் எடுத்துப் போடுகிறேன், இப்போது வயலில் இருக்கிறேன்.